ராமநகரத்துக் குதிரைப்படை

நேற்று சாயங்காலம் நம் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. ஆஸ்டின் டவுனில் ஊர்வலத்துக்கா பஞ்சம்? நான் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஆனால் இது நம் வாசலுக்கு நேராக வந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் ஆட்டோக்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்தார்கள். மாப்பிள்ளையின் வெள்ளைக் குதிரை ஜன்னல் கம்பியை ஒட்டி நின்று மூச்சுவிட்டது. வியர்வையும் ஈரத் தோலும் கொள்ளும் கலந்த அந்த வாசனை தையல் மெஷின் வரைக்கும் வந்தது.

பாதி தைத்த ஜாக்கெட்டோடு வெளியே போய்க் குதிரையின் கழுத்தில் கையை வைத்தேன். மாப்பிள்ளைப் பையன், ஆசீர்வாதம் பண்ணத்தான் யாரோ அம்மா வந்திருக்கிறாள் என்று நினைத்து, குனிந்து தலையைக் காட்டினான். பாவம், அவனை ஏமாற்றுவானேன் என்று அவன் நெற்றியில் ஒரு சிலுவையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அதற்குப் பிறகு மெஷினில் உட்கார முடியவில்லை. கண் எரிந்தது, முட்டி வலித்தது, எல்லாம் வழக்கமாக வலிப்பதுதான். ஆனாலும் நேற்று எழுந்துவிட்டேன். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, நீங்கள் செத்தபிறகு ஆரம்பிக்கவும் மனசில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தாங்க’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போதும் அதற்கே திரும்பிப் பாருங்கள்.

விடிவதற்கு முன்னால் நீங்கள் கிளம்பிப் போவீர்கள். சைக்கிளை வாசலில் சத்தமில்லாமல் இறக்கத் தெரியாது உங்களுக்கு, தெருவே முழித்துக்கொள்ளும். ரேஸ் கோர்ஸ் லாயத்தில் ரைடிங் பாய் வேலை. மீசை நரைத்த பிறகும் அந்த வேலைக்கு பாய் என்றுதான் பெயர். பந்தயக் குதிரைகளைத் தினமும் காலையில் ஓட்டிப் பழக்குவது நீங்கள். பந்தயத்தன்று பட்டுச் சட்டை போட்டு மேலே ஏறுகிறவர் ஜாக்கி. மறுநாள் பேப்பரில் குதிரையின் பெயர் இருக்கும், முதலாளி பெயர் இருக்கும், ட்ரெய்னர் பெயர், ஜாக்கி பெயர் எல்லாம் இருக்கும். நீங்கள் அந்தப் பேப்பரை மடித்து என்னிடம் கொடுத்து, “பாரு, நம்ம குதிர” என்பீர்கள்.

நீங்கள் குதிரை ஓட்டி நான் பார்த்ததே இல்லை. காலையில் லாயத்துக்குள் பெண்டாட்டி பிள்ளைகளை விடமாட்டார்கள். ஒரே ஒரு தடவை, நம் பையனைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்னால், அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். பனி மூட்டம். வேலிக்கு மேலே தொப்பிகள் மட்டும் வரிசையாக நகர்ந்து போயின. எந்தத் தொப்பி என் வீட்டுக்காரர் என்று தெரியாமல் எல்லாத் தொப்பிக்கும் பிள்ளையைக் கையாட்ட வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உங்களைச் சீண்டினேன்.

“நெஜமாவே குதிர ஓட்றீங்களா, இல்ல அங்க சாணி அள்ளிட்டு வந்து இங்க கத வுட்றீங்களா?”

நீங்கள் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஒரு நாளைக்கு காட்டறேன்” என்றீர்கள்.

அந்த ஒரு நாளைக்கு நாம் ரொம்ப வருடம் காத்திருந்தோம். அதற்குள் நீங்கள் இரண்டு தடவை கீழே விழுந்து, இடது தோள்பட்டை இறங்கிப்போய், நடுமுதுகில் ஒரு வலியும் குடிவந்துவிட்டது. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னார். ட்ரெய்னர் நல்ல மனிதர்தான். “இந்த சீசன் முடியட்டும், அப்புறம் கீழ இறங்கிடுப்பா, குதிரைய தேய்க்கிற வேல பாரு” என்றார். நீங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலேயே கட்டிலில் படுத்துக்கொண்டீர்கள். அழக்கூட உங்களுக்குத் தெம்பில்லை. எனக்கும் ஆறுதல் சொல்லத் தெம்பில்லை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற மாசம் அது.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காக்காரர் வந்தார்.

கறுப்பு மனிதர். நம் நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம். அவருடைய நாட்டின் மேற்கே, ஊரே இல்லாத பொட்டல் காலத்தில், கறுப்பினக் குதிரைப்படைகள் இருந்தனவாம். அவர்களைப் பற்றி டீவிக்கு ஒரு படம் எடுக்க வந்திருந்தார். ராமநகரத்துப் பாறைகள் அந்த மேற்குச் சீமை மாதிரியே இருக்கின்றன என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஊரில் இந்தப் படத்துக்கு யாரும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை, அதனால் குறைந்த செலவில் இங்கே எடுக்கலாம் என்று வந்துவிட்டார். சேணம் தைக்கிற கடைக்காரர் ஒருவர் ஏஜெண்டாகி, உங்கள் லாயத்து வாசலில் வந்து நின்று கூப்பிட்டாராம். அதை நீங்கள் எனக்கு நடித்தே காட்டினீர்கள்.

“கறுப்பா இருக்கறவங்க மட்டும் இந்தப் பக்கம் வாங்கோன்னான்! ஸ்டெல்லா, பொறந்ததுலேர்ந்து மொத தடவ இந்த மாதிரி ஒருத்தன் கூப்ட்டான். நாந்தான் மொத ஆளா போயி நின்னேன்!”

நம் கல்யாணப் போட்டோவைப் பார்த்து ‘மாப்பிள்ளைக்குப் பல் மட்டும்தான் தெரிகிறது’ என்று சொன்ன என் சித்தி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

பஷீர்தான் அழாத குறை. லாயத்தில் உங்கள் குதிரைகளுக்குத் தீனி வைக்கிற பஷீர், சிவாஜிநகர்க்காரன், உங்களை அண்ணே என்றும் என்னை பாபி என்றும் கூப்பிடுகிறவன், பால்கோவா நிறம். அவனை ஏஜெண்ட் தள்ளிவிட்டார். அவன் விடவில்லை. “பாலிஷ் தடவிக்கிறேன் சாப், கறுப்பு பாலிஷ், செருப்புக்குத் தடவறோம்ல, அது!” என்றிருக்கிறான். யாரோ இதை இங்கிலீஷில் சொன்னதும் அமெரிக்காக்காரரின் முகம் இறுகிவிட்டது. எங்கள் நாட்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி எங்களைக் கேலி செய்து சிரித்தார்கள், அது என் படத்தில் நடக்காது என்றார். பிறகு பஷீரை ஏற இறங்கப் பார்த்து, நீதான் கேப்டன் என்றார்.

ஏனென்றால் அந்தப் படைகளில் சிப்பாய்கள் எல்லாரும் கறுப்பர்கள். மேலே அதிகாரியாக இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் வெள்ளைக்காரர்கள். பஷீருக்குக் குதிரைமேல் ஏறினால் ஷேர் ஆட்டோவில் ஏறின மாதிரி கை கம்பியைத் தேடும். அவனுக்குக் கேப்டன் பதவி. காலமெல்லாம் குதிரை ஓட்டின நீங்கள் சிப்பாய். நீங்கள் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னீர்கள். “நெறம் இருந்தா போதும், கேப்டன்!” அமெரிக்காக்காரரும் சிரித்துவிட்டு, சரியாக இப்படித்தான் இருந்தது என்று சொன்னாராம்.

உடுப்புகள் தைக்க என்னிடம் வந்தார். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு சமாளித்தேன். கருநீலக் கோட்டு, வெளிர்நீலக் கால்சட்டை, பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. சிவாஜிநகரில் பிளேசர் துணியாக வாங்கி வந்தோம், ஒரு வாரம் வீடே நீலமாகக் கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டே பழைய படங்களைக் காட்டினார். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் படையில் இருந்தவர். பிறக்கும்போது அடிமை. விடுதலை கிடைத்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர்களுக்குக் கொடுத்தது பாதி நேரம் வேறு படைகள் கழித்துக்கட்டின குதிரைகள், பழைய சேணங்கள். வெயிலிலும் பனியிலும் வண்டிப் பாதைகளைக் காவல் காத்தார்கள், தந்திக் கம்பம் நட்டார்கள். காவல் காத்த ஊருக்குள் போய் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட விடமாட்டார்கள்.

“யார்கிட்டேர்ந்து காவல் காத்தாங்கன்னு கேளு” என்றீர்கள் நீங்கள்.

கேட்டேன். அந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து என்றார். அப்படியானால் அவர்களுடைய நிலத்தைப் பிடுங்குகிற வேலையையும் இவர்கள்தானே செய்தார்கள் என்று நான் கேட்டேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஆமாம், அதையும் செய்தார்கள், அதையும் படத்தில் சொல்லத்தான் வேண்டும், அது எப்படி என்றுதான் வருடக்கணக்காகத் தூக்கமில்லை என்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பூர்வகுடிகள்தான் இவர்களுக்கு எருமை வீரர்கள் என்று பெயர் வைத்தார்களாம், காட்டெருமையின் பிடரி மாதிரி தலைமுடி என்று, மூர்க்கமாகச் சண்டை போடுவார்கள் என்றும். உங்கள் வாத்தியார் உங்களை அதே பெயரில் கூப்பிட்டதற்குக் காரணம் வேறு என்று நான் சொன்னேன். நீங்கள் அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கெஞ்சினீர்கள்.

கொள்ளுத்தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தரையில் நின்று குதிரையின் லகானைப் பிடித்துக்கொண்டிருந்தார். குதிரைமேல் இருக்கிற படம் கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் அவர் ஓட்டிப் பார்த்ததில்லை என்றார் அமெரிக்காக்காரர். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள்.

பிறகு அவர் அந்தப் படைகளின் ஒரு சட்டத்தைச் சொன்னார். எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், இறங்கியதும் முதலில் குதிரைக்குத் தண்ணீர். அதற்கப்புறம்தான் மனிதனுக்கு. “நம்ம லாயத்துலயும் அதேதான்” என்று நீங்கள் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன். உங்களுக்கு அதில் ஒரே பெருமை.

அவர் எழுந்து போகும்போது நீங்களே அவரிடம் கேட்டீர்கள், உங்கள் ஓட்டை இங்கிலீஷில், ஒய்ஃப் கம்? டெய்லரும் வரட்டும், துணி கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தீர்கள்.

“நீ பாக்கணும், ஸ்டெல்லா. இத வுட்டா அப்பறம் கெடையாது.”

மைசூர் ரோட்டில் பஸ்ஸில் போனோம். குதிரைகள் லாரியில் வந்திருந்தன, எல்லாம் ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள், ஊருக்கு வெளியே ஒரு ரைடிங் ஸ்கூலில் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்தவை. அதில் ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை இறங்கியதும் நீங்கள் நின்றுவிட்டீர்கள். அது கப்பு ஜெயித்த காலத்தில் தினமும் காலையில் அதை ஓட்டினது நீங்கள்தான். “கிழவி!” என்றீர்கள். அது உங்கள் சட்டைப் பையில் மூக்கை விட்டு வெல்லம் தேடியது. என்னைக் கட்டின நாளில்கூட உங்கள் முகம் அப்படி இருந்ததில்லை, அதையும் அப்போதே உங்களிடம் சொன்னேன்.

காலையில் ஒத்திகை. அமெரிக்காக்காரர் படத்தில் பார்த்தபடி கால்சட்டைகளை இறுக்கமாகத் தைத்திருந்தேன், நேராக உட்கார்ந்து போகிறவர்களுக்கான அளவு. நம்மவர்களுக்கோ ரேஸ் பழக்கம். கால் வைக்கிற அங்கவடியைக் குட்டையாக இழுத்துக்கட்டி, முழங்காலை மடக்கிக் குந்தினால்தான் அவர்களுக்குக் குதிரை ஓடும். முதல் ஆள் குந்தினதுமே பின்பக்கம் பிளந்துவிட்டது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றார், நான் உட்கார்ந்து தைத்தேன். ஒத்திகைதானே, நிஜ ஷாட் சாப்பாட்டுக்கு மேலேதான் என்று நீங்களும் சொல்லியிருந்தீர்கள்.

ஆனால் வெயில் நன்றாக இருக்கிறது, இப்போதே எடுத்துவிடலாம் என்று அமெரிக்காக்காரர் முடிவு பண்ணிவிட்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. வாயில் குண்டூசி, மடியில் கால்சட்டை. முதலில் உட்கார்ந்திருந்த கல் அதிர்ந்தது. பிறகு குளம்புச் சத்தம். பிறகு எல்லாரும் கூச்சல். ஊசியைத் துப்பிவிட்டு நான் பஸ்ஸைச் சுற்றி ஓடி வந்தபோது வெறும் தூசிதான். அதற்கு அப்பால், ரொம்பத் தூரத்தில், விரலளவு மனிதராக நீங்கள் கிழவியின் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

நடந்ததைப் பஷீர்தான் சொன்னான். ஆக்‌ஷன் என்றதும் எல்லாரும் படையென்பதை மறந்துவிட்டார்கள். பின்பக்கத்தைத் தூக்கிக் குந்தி, தலையைக் குதிரையின் பிடரியில் புதைத்து, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ரேஸ் விட்டிருக்கிறார்கள். முதலில் வந்தது நீங்கள். கேமராவைத் தாண்டி, எல்லைக்கு நட்ட கம்பத்தைத் தாண்டி, நிறுத்தச் சொன்ன ஆளையும் தாண்டிப் போய்விட்டீர்கள். கத்தியை உருவி முன்னால் போகவேண்டிய கேப்டன் கடைசியில், இரண்டு கையாலும் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று கத்திக்கொண்டே வந்திருக்கிறான். அமெரிக்காக்காரர் தொப்பியைத் தரையில் போட்டுவிட்டுச் சிரித்தார். கேப்டனை விட்டுவிட்டுப் பாய்ந்த படையை உலகத்திலேயே இங்கேதான் பார்க்கிறேன் என்றார். இதை வைத்துக்கொள்ள முடியாது, வரிசையாக வரவேண்டும், மெதுவான குதிரையின் வேகத்துக்கு எல்லாரும் வரவேண்டும் என்றும் சொன்னார்.

நீங்கள் இறங்கி ஓடி வந்தீர்கள். முகமெல்லாம் தூசி, பல் மட்டும் தெரிந்தது.

“பாத்தியா?”

நான் கையிலிருந்த கால்சட்டையைக் காட்டினேன்.

நீங்கள் திட்டியிருந்தால் தேவலை. “சரி வுடு, சாயந்தரம் இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழவிக்குத் தண்ணீர் காட்டப் போனீர்கள்.

அதற்கப்புறம் நாள் முழுக்க மெதுவாகப் போகிற ஷாட்டுகள்தான். மலையடிவாரத்தில் போனீர்கள், திரும்பி வந்தீர்கள், மறுபடியும் போனீர்கள். இவர்கள் நாள்கணக்கில் வந்துகொண்டிருக்கிறவர்கள், நீங்கள் யாருமே களைத்த மாதிரி இல்லையே என்று காலையில் குறைப்பட்டுக்கொண்டார் அமெரிக்காக்காரர். மத்தியானத்துக்கு மேல் அவர் அதைச் சொல்லவில்லை. அந்தப் பிளேசர் துணியில் எல்லாருக்கும் உயிர் போய்க்கொண்டிருந்தது. குதிரைகளின் விலாவில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அவருக்கே கண்கள் குழிவிழுந்துவிட்டன. ஃபிலிமும் தீர்ந்துகொண்டு வந்தது. கடைசி வெளிச்சத்தில் ஒரு பாய்ச்சல், அது ஒழுங்காக வந்தால் போதும், படம் அதில்தான் முடிகிறது என்றார்.

நீங்கள் வந்து என்னை ஒரு பாறைமேல் உட்கார வைத்தீர்கள்.

“இங்கயே ஒக்காரு. ஊசிய கையில எடுத்த, அவ்ளோதான்.”

உட்கார்ந்தேன். எவன் கால்சட்டை எங்கே கிழிந்தால் எனக்கென்ன? வெயில் பாறைகளில் சாய்ந்து எல்லாம் செப்புப் பாத்திரம் மாதிரி இருந்தது. வரிசையாக நின்றீர்கள். பஷீர் ஓரத்தில் கத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தான். நீங்கள் நடுவில். முதுகை நேராக வைத்து, அமெரிக்காக்காரர் சொல்லிக்கொடுத்தபடி. ‘மாதாவே, விழாமல் பார்த்துக்கொள்’ என்று கேட்டேன். விழாமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்டேன், வேறு எதற்கும் பயப்படத் தோன்றவில்லை.

கிழவி முன்காலை ஒருதரம் தூக்கி வைத்தது. அவ்வளவுதான். நீங்கள் இறங்கிவிட்டீர்கள்.

குனிந்து அந்தக் காலைத் தடவினீர்கள். அமெரிக்காக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்துப் பார்த்துவிட்டு அவரும் வந்து பக்கத்தில் குந்தினார். அவரும் தொட்டுப் பார்த்தார். “சூடு” என்றீர்கள். “ஹாட்” என்றார் அவரும். நரம்பு இழுத்துக்கொண்ட கால்தான் அப்படிச் சூடாகுமாம், அதன்மேல் ஏறக்கூடாது. பஷீர் தன் குதிரையிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்தான்.

“அண்ணே, என் குதிரை எடுத்துக்கோ. பாபி ஒக்காந்திருக்காங்க பாரு. கேப்டனுக்கு இன்னா, நான் நடந்து வரேன்.”

நீங்கள் அவன் குதிரையைப் பார்த்தீர்கள். வரிசையில் நின்ற மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். எல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. அப்புறம் திரும்பி, பாறைமேல் இருந்த என்னைப் பார்த்தீர்கள். எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் உங்கள் மூஞ்சியைப் படிக்க எனக்குத் தெரியாதா?

“வேணாம் பஷீரு. எல்லாம் செத்துப்போயி நிக்குது.”

கிழவியின் வயிற்றுப்பட்டையைத் தளர்த்தினீர்கள். லகானைக் கையில் பிடித்து நடக்க ஆரம்பித்தீர்கள். உங்களுக்கு அடுத்து நின்றவர் இறங்கினார், அவருக்கு அடுத்தவர் இறங்கினார். ஒவ்வொருவராக எல்லாரும் இறங்கிக் குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கேப்டனும் வந்தான், கத்தியை எங்கே செருகுவது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அமெரிக்காக்காரர் கேமராக்காரரின் தோளைத் தட்டினார். ஃபிலிம் ஓடியது. அந்தப் படைக்காரர்களும் இப்படித்தான் செய்வார்களாம், குதிரை களைத்தால் இறங்கிக் கூடவே நடப்பார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் கிடையாது. பஸ்ஸில் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்காக ஒரு தடவ ஓட்டக் கூடாதா? அந்தக் குதிரையில ஏறி ஒரு பத்தடி போயிருந்தா குடி முழுகிடுமா?”

நீங்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தீர்கள்.

“அதுக்கு வாயில்ல, ஸ்டெல்லா. உனக்கு இருக்கு.”

கெங்கேரி தாண்டும் வரைக்கும் நான் மறுபக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உங்கள் தலை என் தோளில் விழுந்தது. தூக்கம். அந்தப் பாழாய்ப்போன பிளேசர் துணியின் வியர்வை நாற்றம் தாங்கவில்லை. தள்ளிவிடவும் மனசு வரவில்லை.

சீசன் முடிந்தது. ட்ரெய்னர் சொன்னபடி கீழே இறங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தக் குதிரைமேலும் ஏறவில்லை. தேய்த்தீர்கள், தீனி வைத்தீர்கள், முதுகு வலியோடு வந்து படுத்தீர்கள். ஒரு நாளைக்குக் காட்டறேன் என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் சீண்டவில்லை. அந்த விஷயம் வீட்டிலேயே இருந்தது, இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம், அலமாரியைச் சுற்றி நடக்கிற மாதிரி.

படம் கேசட்டில் வந்தபோது பஷீர் வீட்டில் போய்ப் பார்த்தோம். முக்கால்வாசி நேரம் யாரோ இங்கிலீஷில் பேசினார்கள். நீங்கள் முதலில் வந்த ரேஸ் அதில் இல்லை. கடைசியில் பாறைகளுக்கு நடுவே நீங்கள் கிழவியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். உங்கள் முகம் டீவி முழுக்க நின்றது, அந்தக் களைப்போடு. பஷீர் வீட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். “மூஞ்சி ஒண்ணும் மோசமில்ல” என்று நீங்கள் என் காதில் சொன்னீர்கள். நான் அப்போது உங்கள் இடது தோளில் கோட்டு இழுத்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கின தோள் என்று தெரிந்தே துணி விட்டுத்தான் தைத்தேன், அப்படியும் இழுத்தது.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உங்களுக்கு எல்லாமே அப்படித்தான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

பஷீர் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். நான் பூசை முடிந்து வருகிற நேரத்துக்குச் சிவாஜிநகரிலிருந்து கறி வாங்கிக்கொண்டு வருவான். அவனுக்கும் வயசாகிவிட்டது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. அவனுக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, அந்த ரேஸைச் சொல்லு என்பேன். சொல்லுவான். முதலில் சொன்னபோது நீங்கள் ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தீர்கள். போன வருடம் அது நாலு குதிரை நீளமாகிவிட்டது. இப்போதெல்லாம் மற்றவர்கள் கிளம்புவதற்குள் நீங்கள் பாறைக்கே போய்விடுகிறீர்கள். புளுகுகிறான் என்று தெரியும். “அப்பறம்?” என்று கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்குவேன். கிழவியின் காது பின்னால் மடிந்திருந்தது, உங்கள் தொப்பி பறந்துபோய்விட்டது, நீங்கள் சாட்டையை எடுக்கவேயில்லை, வாயாலேயே ஏதோ சொல்லிச் சொல்லி ஓட்டினீர்கள் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாசம் நம் பையனும் மருமகளும் ஹோசூரிலிருந்து வந்திருந்தார்கள். பஷீரும் இருந்தான். மருமகள் எதையோ பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அத்த, மாமா குதிர ஓட்டி நீங்க பாத்திருக்கீங்களா?”

“பாத்திருக்கேன்” என்றேன்.

யோசிக்கவே இல்லை, அப்படியே வந்துவிட்டது. வந்தபிறகு நிறுத்தவும் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டனை விட்டுவிட்டு நீங்கள் முன்னால் வந்தது, குந்தின குந்தில் முதுகு தரைக்குச் சமமாக இருந்தது, தொப்பி பறந்தது, கழுத்தோடு கழுத்தாகப் படுத்துக் கிழவியின் காதில் பேசிக்கொண்டே என் எதிரே போனது. நம் பையன் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் இவ்வளவு சொல்லி அவன் கேட்டதே இல்லை. பஷீரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஆமா. பாபி மொத ஆளா நின்னாங்க” என்றான். “எங்க அண்ணன் தாண்டிப் போறப்ப எப்டி கைதட்டுனாங்கன்ற!”

கைதட்டினேன். அந்தக் குளம்புச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது.